இத்தாலியக் கப்பலில் அமெரிக்கர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இருப்பது நியூ ஜெர்சி. நியூயார்க்கின் புரூக்ளினிலிருந்து கிளம்பும் எம்.எஸ்.சி. மெராவிலியா என்ற கப்பலில் ஒரு தடவை, பார்சிலோனாவில் ஏறி மத்திய தரைக்கடலைச் சுற்றும் கப்பல்களில் இரண்டு தடவை போயிருக்கிறேன். கடைசித் தடவை பக்கத்து வீட்டு அமெரிக்கத் தம்பதியும் கூட வந்தார்கள். ரிட்டையர் ஆனவர்கள், அதற்கு முன் பதினொரு குரூஸ் போனவர்கள், பதினொன்றும் ஃப்ளோரிடாவிலிருந்து கிளம்பும் அமெரிக்கக் கம்பெனிக் கப்பல்கள். அந்த ஏழு நாளில் பக்கத்து வீட்டுக்காரர் முகம் போன போக்கைத் திரும்பி வந்து நாலு பேரிடம் சொல்லப்போய், அப்புறம் ஆளாளுக்கு ஐரோப்பியக் கப்பல்களைப் பற்றி என்னிடம் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆபீஸில் கேட்கும் அமெரிக்கர்கள் பாதி, மாமனார் மாமியாரைக் கூட்டிக்கொண்டு போக நினைக்கும் நம்மவர்கள் பாதி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஐரோப்பியக் கப்பல் என்று எதைச் சொல்கிறீர்கள்?

முக்கியமாக இரண்டு கம்பெனிகளை. ஒன்று எம்.எஸ்.சி. குரூசஸ். சோறென்டோ பக்கத்துக்காரரான ஜான்லூயிஜி அப்போன்டே 1970-ல் ஒரு பழைய சரக்குக் கப்பலை வைத்து ஆரம்பித்த கம்பெனியின் பயணிகள் பிரிவு, தலைமையகம் ஜெனீவா. தாய்க் கம்பெனி 2022 தொடக்கத்தில் டென்மார்க்கின் மெர்ஸ்க்கைத் தாண்டி உலகின் மிகப் பெரிய கன்டெய்னர் கம்பெனி ஆகிவிட்டது. ஹைவேயில் லாரி மேல் அந்த மூன்று எழுத்து போட்ட பெட்டியைப் பார்த்திருப்பீர்கள், அதே ஆட்கள்தான். இன்னொன்று ஜெனோவாவின் கோஸ்டா. 1854-ல் ஆலிவ் எண்ணெயும் துணியும் விற்ற குடும்பம், 1940-களின் கடைசியில் பயணிகள் கப்பலுக்கு வந்தது, 2000-லிருந்து முழுக்க அமெரிக்காவின் கார்னிவல் குரூஸ் கம்பெனி கையில்.

கப்பலை எங்கே கட்டினார்கள், என்ன கொடி பறக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தால் குழப்பம்தான் மிஞ்சும். அமெரிக்கர்கள் தங்களுடையது என்று நினைக்கும் ராயல் கரீபியனை 1968-ல் ஆரம்பித்ததே நார்வேக் கப்பல் கம்பெனிகள். அவர்களுடைய பெரிய கப்பல்கள் பின்லாந்தின் டுர்க்கு, பிரான்சின் சான் நசேர் போன்ற ஊர்களில் கட்டியவை, கொடி பஹாமாஸ் கொடி. அமெரிக்கக் கொடியோடு ஓடும் பெரிய கடல் குரூஸ் கப்பல் ஒன்றே ஒன்று, ஹவாயில் ஓடும் பிரைட் ஆஃப் அமெரிக்கா. அதையும் கடைசியில் முடித்துக் கொடுத்தது ஜெர்மனியில்தான்.

அதனால் இரும்பில் வித்தியாசம் இல்லை. யாருடைய பசி நேரத்துக்கு அடுப்பு மூட்டுகிறார்கள், யாருடைய பேச்சில் அறிவிப்பு வருகிறது, அதில்தான் எல்லாம். மயாமியிலிருந்து கிளம்பும் அமெரிக்கக் கப்பலில் அமெரிக்கர்தான் மாப்பிள்ளை. ஜெனோவாவிலிருந்து கிளம்பும் கப்பலில் அவர் கல்யாணத்துக்கு வந்த நூறு பேரில் ஒருவர். வருகிற புகார்களில் முக்கால்வாசி இங்கே ஆரம்பிப்பதுதான்.

முதல் அதிர்ச்சி எதில்?

ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில். அமெரிக்கக் கப்பல்களில் முதல் பந்தி சாயங்காலம் ஐந்தரை, ஆறு மணிக்கெல்லாம் உட்கார்ந்துவிடும். மத்திய தரைக்கடலில் முதல் பந்தியே ஏழு மணி வாக்கில், இரண்டாவது ஒன்பதைத் தாண்டி. ஸ்பெயின்காரர்களுக்கு அதுவே சீக்கிரம்.

முதல் நாள் பக்கத்து வீட்டுக்காரர் ஐந்தேகாலுக்கு இஸ்திரி போட்ட சட்டையும் பெல்ட்டுமாக டைனிங் ரூம் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் விளக்கே போடவில்லை, ஒரு பையன் தனியாக வாக்யூம் கிளீனர் ஓட்டிக்கொண்டிருந்தான். இவர் தன் கைக்கடிகாரத்தைக் காட்டினார். அவன் உள்ளேயிருந்தபடியே சிரித்துவிட்டு இரண்டு விரலை நீட்டினான். இன்னும் இரண்டு நிமிஷம் என்று நினைத்துக்கொண்டு இவரும் அங்கேயே நின்றார். அவன் சொன்னது இரண்டு மணி நேரம்.

உட்கார்ந்த பிறகும் பாடம் முடியவில்லை. இத்தாலியச் சாப்பாடு வரிசையாக வரும்: முதலில் கொறிக்க ஏதாவது, அப்புறம் பாஸ்தா அல்லது ரிசோட்டோ, அதற்கும் அப்புறம்தான் மீனோ இறைச்சியோ, கடைசியில் இனிப்பு, அதுவும் முடிந்த பிறகு காப்பி. அவர் பாஸ்தாவைப் பார்த்ததும் இதுதான் சாப்பாடு என்று முடிவு கட்டி, கூடையில் இருந்த ரொட்டியையும் தீர்த்துவிட்டு நாப்கினை மடித்து வைத்துவிட்டார். அப்போதுதான் மீன் வந்தது. நம்ம ஊர்ப் பந்தியில் வெளியூர்க்காரர் சாம்பாரிலேயே வயிற்றை ரொப்பிக்கொண்டு, ரசம் வரும்போது முழிப்பாரே, அதே முழி. முழுச் சாப்பாடும் இரண்டு மணி நேரம் ஆனது. சர்வீஸ் மந்தம் என்று அமெரிக்கர்கள் குறைப்படுவது பெரும்பாலும் இதைத்தான். மேஜையில் ஆட்களை விரட்டுவதுதான் அவமரியாதை என்று அங்கே நினைக்கிறார்கள் என்பதை அவருக்குப் புரிய வைக்க எனக்கு மூன்று நாள் பிடித்தது.

தண்ணீருக்குக் காசு வாங்குகிறார்களாமே?

ஆமாம். இந்த ஒன்றில் நான் அமெரிக்கர்கள் பக்கம். மத்திய தரைக்கடல் பயணங்களில் டைனிங் ரூமில் தண்ணீர் கேட்டால் பாட்டில் தண்ணீர்தான், கேஸ் வேண்டுமா வேண்டாமா என்பதுதான் கேள்வி, பில் உங்கள் கேபின் கணக்கில் ஏறும். அமெரிக்காவில் எந்த ஹோட்டலில் உட்கார்ந்தாலும் கேட்காமலேயே ஐஸ் மிதக்கும் டம்ளர் வந்துவிடும், அப்படிப் பழகியவருக்கு இது ஏமாற்று வேலையாகத் தெரியும். ஐரோப்பாவில் தரையில் இருக்கும் ஹோட்டலிலும் இதே கதைதான் என்றாலும், டிக்கெட் வாங்கிக்கொண்டு கடல் நடுவில் தண்ணீர் விற்பது எனக்கும் உறுத்தத்தான் செய்கிறது.

பஃபேயில் மெஷின் தண்ணீர் இலவசம். குடிக்க நன்றாகவே இருக்கும். காலி பாட்டில் கொண்டு போய் அங்கே ரொப்பிக்கொண்டு கேபினில் வைத்துக்கொள்வது எல்லோரும் செய்வதுதான், வெட்கப்பட ஒன்றுமில்லை. அல்லது முன்கூட்டியே பான பேக்கேஜ் வாங்கிவிடுங்கள், நிம்மதி. அமெரிக்காவிலிருந்து கிளம்பும் எம்.எஸ்.சி. கப்பல்களில் மேஜைக்கு ஐஸ் தண்ணீர் சும்மாவே வரும்.

காப்பி?

நம்மவர்களுக்குக் கவலை இல்லை, டிகாக்‌ஷன் பரம்பரை. பெரிய மக்கில் ரொப்பி ரொப்பிக் குடிக்கும் அமெரிக்கருக்குத்தான் கஷ்டம். பஃபேயில் மெஷினில் வருவதைக் குடிக்கலாம், நன்றாக இருக்காது. பாரில் எஸ்பிரெஸ்ஸோ அருமை, ஆனால் அது இரண்டு மடக்கு, தனிக் காசு. சாப்பாட்டுக்கு நடுவில் காப்பி கேட்டால் வெயிட்டர் தலையாட்டிவிட்டுப் போவார், கடைசியில்தான் கொண்டு வருவார். மறந்துவிடவில்லை, காப்பிக்கு அதுதான் இடம்.

அறிவிப்பெல்லாம் எந்த மொழியில்?

எல்லா மொழியிலும். இத்தாலியன், ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், சராசரியாக ஐந்து. "நாளைக் காலை மார்செய் துறைமுகம், எட்டு மணிக்கு இறங்கலாம்" என்ற ஒரு வரிச் சேதி ஐந்து தடவை வரும்போது மூன்று நிமிஷம் ஓடிவிடும். லவுஞ்சில் உட்கார்ந்து பார்த்தால் வேடிக்கையாக இருக்கும்: தன் மொழி முடிந்ததும் ஒரு கூட்டம் பேச ஆரம்பிக்கும், அடுத்த மொழிக்காரர்கள் உஸ் என்பார்கள். கேபினில் அவசர அறிவிப்பு தவிர எதுவும் கேட்காது, பயப்பட வேண்டாம்.

சாப்பாட்டு மேஜையில் ஒரே மொழிக்காரர்களைச் சேர்த்து உட்கார வைக்கப் பார்ப்பார்கள். எங்கள் மேஜையில் ஸ்காட்லாந்துக்காரர் இருவர், பக்கத்து வீட்டுத் தம்பதி, நாங்கள். ஸ்காட்லாந்துக்காரர் பேசிய ஆங்கிலம் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பாதி புரியவில்லை என்பது வேறு விஷயம்.

என் முதல் பயணத்தில் தினசரி நிகழ்ச்சி நிரல் மூன்று நாள் ஜெர்மனில் வந்தது. ரிசப்ஷனில் சொன்னேன், மாற்றுகிறோம் என்றார்கள், நாலாம் நாள் பிரெஞ்சில் வந்தது. எந்தக் கப்பல் என்று சொல்லப்போவதில்லை. கப்பல் ஆப்பில் மொழியை நீங்களே ஆங்கிலத்துக்கு மாற்றி வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. நேரம் 24 மணிக் கணக்கில் இருக்கும், வெப்பநிலை செல்சியஸில். நமக்கு ஒன்றுமில்லை, அமெரிக்கர்கள் 31 டிகிரி என்று பார்த்துவிட்டு ஸ்வெட்டர் எடுப்பார்கள்.

கப்பலில் தினமும் புது ஆட்கள் ஏறுகிறார்களாமே, அது எப்படி?

அமெரிக்கக் கப்பலில் எல்லோரும் ஒரே துறைமுகத்தில் ஏறி அங்கேயே இறங்குவார்கள். முதல் நாள் மாலை எல்லோருக்கும் சேர்ந்து திருவிழா, கடைசி நாள் எல்லோருக்கும் சேர்ந்து சோகம். மத்திய தரைக்கடலில் கப்பல் ஒரு டவுன் பஸ் மாதிரி. பார்சிலோனாவில் கொஞ்சம் பேர் ஏறுவார்கள், மறுநாள் மார்செயில் பிரெஞ்சுக்காரர்கள், அதற்கு மறுநாள் ஜெனோவாவில் இத்தாலியர்கள் மொத்தமாக, அப்புறம் நேப்பிள்ஸிலோ சிசிலியிலோ இன்னொரு கூட்டம். ஏழு நாள் கழித்து அவரவர் ஏறிய இடத்தில் இறங்குவார்கள். உங்களுக்கு நாலாம் நாள், எதிர்க் கேபின்காரருக்கு முதல் நாள்.

இதனால் சில விளைவுகள். லிப்ட் வாசலில் எப்போதும் பெட்டி இருக்கும். வழி தெரியாமல் சுற்றுகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். மூன்றாம் நாள் நட்பான ஆட்கள் ஐந்தாம் நாள் இறங்கிப் போய்விடுவார்கள். கப்பல் முழுக்க ஒரே ஊர் மாதிரி ஆகும் உணர்வு வரவே வராது. பக்கத்து வீட்டுக்காரரின் மனைவிக்கு இதுதான் பெரிய குறை. தண்ணீரும் இல்லை, சாப்பாட்டு நேரமும் இல்லை, இது.

கோஸ்டா கான்கார்டியா ஞாபகம் வருகிறது. பாதுகாப்புக்கு என்ன உத்தரவாதம்?

நியாயமான பயம். 2012 ஜனவரி 13 ராத்திரி அந்தக் கோஸ்டா கப்பல் இத்தாலியின் ஜிலியோ தீவுப் பாறையில் மோதியது, 32 பேர் இறந்தார்கள், கேப்டனுக்குப் பின்னால் 16 வருஷம் சிறைத்தண்டனை ஆனது. மேலே சொன்ன பல துறைமுகக் கணக்கு அன்றைக்கு வினையானது. அன்று சாயங்காலம் ரோமுக்குப் பக்கத்துத் துறைமுகமான சிவிட்டாவெக்கியாவில் புதிதாக ஏறிய பல நூறு பேருக்குப் பாதுகாப்புப் பயிற்சி நடந்திருக்கவில்லை. ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்றுதான் அப்போது விதி.

அதற்கப்புறம் விதியையே மாற்றினார்கள். இப்போது கப்பல் கிளம்புவதற்கு முன், இல்லாவிட்டால் கிளம்பிய கையோடு, புதிதாக ஏறிய ஒவ்வொருவருக்கும் பயிற்சி முடிந்திருக்க வேண்டும். இது சர்வதேச விதி, அமெரிக்கக் கம்பெனிக்கும் ஐரோப்பியக் கம்பெனிக்கும் ஒன்றுதான். அதனால் தினமும் ஏதோ ஒரு மூலையில் யாருக்கோ பயிற்சி நடந்துகொண்டே இருக்கும். எரிச்சல்படாதீர்கள்.

இத்தாலியர்கள் வரிசையில் நிற்க மாட்டார்கள், முரட்டு ஆட்கள் என்கிறார்களே?

முரடு என்பது தப்பு. வரிசை கொஞ்சம் கலகலத்துத்தான் இருக்கும், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆம்லெட் போடும் இடத்தில் அமெரிக்கர் முன்னால் இருப்பவரிடமிருந்து மூன்றடி தள்ளி நிற்பார். அந்த மூன்றடியைப் பார்க்கும் ஒரு சிசிலிப் பாட்டி அங்கே காலி இடம் இருக்கிறது என்று நினைத்து உள்ளே வந்துவிடுவார். இவர் வரிசையைத் தாண்டினாள் என்பார், அந்த அம்மாவோ இவர் வரிசையிலேயே இல்லை என்று நினைத்திருப்பார். தாம்பரம் ஸ்டேஷனில் டிக்கெட் எடுத்தவனுக்கு இரண்டு பக்கமும் புரியும்.

லிப்டில் முன்பின் தெரியாதவரிடம் "எந்த ஊர், எத்தனையாவது குரூஸ்" என்று பேசுவது அமெரிக்கப் பழக்கம். ஐரோப்பியர்கள் பலர் பதில் சொல்லாமல் மேலே ஓடும் எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆங்கிலம் தெரியாமல் இருக்கலாம், தெரிந்தும் காலையிலேயே பேச இஷ்டமில்லாமல் இருக்கலாம். வெயிட்டரும் அப்படித்தான்: தன் பெயரைச் சொல்லி, நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்து எப்படி இருக்கிறது என்று விசாரிக்கும் அமெரிக்க உபசாரம் இங்கே குறைவு. கூப்பிட்டால் வருவார். இத்தனைக்கும் பரிமாறுகிறவர்கள் இத்தாலியர்கள் இல்லை, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், மடகாஸ்கர், இந்தியா. மேலே இருக்கும் அதிகாரிகள்தான் பெரும்பாலும் இத்தாலியர்கள்.

ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் குழந்தைகள் ஓடுமாமே?

ஓடும். பதினொன்றரைக்கு ஐஸ்கிரீம் கையில் வழிய ஓடும், பின்னாலேயே தாத்தா நடந்து வருவார், அம்மா அப்பா நடன மேடையில் இருப்பார்கள். ஆகஸ்ட் என்றால் இன்னும் அதிகம். ஆகஸ்ட் 15 இத்தாலியில் ஃபெர்ராகோஸ்தோ விடுமுறை, அதை ஒட்டி நாடே கடலுக்குக் கிளம்பிவிடும், கப்பலில் மூன்று தலைமுறையாகக் குடும்பங்கள் வரும். எட்டரைக்குக் குழந்தையைத் தூங்க வைக்கும் அமெரிக்கப் பெற்றோருக்கு இது அநியாயமாகத் தெரிகிறது. எனக்கு எங்கள் சித்தப்பா கல்யாணத்து முந்தின ராத்திரி மண்டபம் ஞாபகம் வந்தது. அமைதி வேண்டும் என்றால் மே கடைசி அல்லது அக்டோபரில் போங்கள்.

ஷோ எப்படி?

ஐந்து மொழிக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் அரங்கில் ஜோக் சொல்லிச் சிரிக்க வைக்க முடியாது. அதனால் பேச்சு இல்லாத நிகழ்ச்சிகள்தான்: அக்ரோபாட், நடனம், ஓபரா பாட்டு. அரை மணி, நாற்பது நிமிஷத்தில் முடிந்துவிடும். ஸ்டாண்ட் அப் காமெடிக்கும் முழு நீள பிராட்வே நாடகத்துக்கும் பழகிய அமெரிக்கர்கள் சப்பென்று இருக்கிறது என்பார்கள். எனக்கு என்னவோ நீச்சல் குளத்துப் பக்கம் நடக்கும் குழு நடனம்தான் பிடித்தது. ஒரு பெண் மேடையில் ஆட, கீழே எழுபது வயதுக்காரர்கள் வரை எல்லோரும் ஒரே மாதிரி கைகாலை ஆட்டுவார்கள். எல்லா அடவும் அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும், எங்கே கற்றார்கள் என்பதுதான் தெரியாது. வெள்ளை உடை ராத்திரி ஒன்று உண்டு, ஒரு வெள்ளைச் சட்டை எடுத்து வையுங்கள். விழா ராத்திரியில் இத்தாலியர்கள் உண்மையிலேயே உடுத்துவார்கள். அரை டிராயரில் போகும் அமெரிக்கரைத் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும்.

விலை குறைவு என்கிறார்கள். எங்கே இடிக்கும்?

டிக்கெட் குறைவுதான். எம்.எஸ்.சி. அமெரிக்கச் சந்தையைப் பிடிப்பதற்காகவே பல வருஷமாக மலிவாகக் கொடுக்கிறது, சின்னப் பிள்ளைகளுக்குப் பல பயணங்களில் வரி, துறைமுகக் கட்டணம் மட்டும்தான். அப்புறம் ஒன்றொன்றாக ஏறும்: குடிக்கிறது, வைஃபை, தினப்படி சர்வீஸ் சார்ஜ். டிப்ஸ் என்ற பழக்கமே ஐரோப்பியர்களுக்கு அரைகுறைதான். சர்வீஸ் சார்ஜ் கணக்கில் ஏறிவிட்டால் முடிந்தது, அதற்கு மேல் கையில் கொடுக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கேபின் துடைக்கும் பையனுக்கு முதல் நாளே இருபது டாலர் கொடுத்தார். பையன் திகைத்துப் போய், அப்புறம் ஏழு நாளும் துண்டை மடித்து யானை, குரங்கு, அன்னம் என்று ஒன்றும் விடாமல் செய்து வைத்தான். எங்கள் கேபினில் துண்டு துண்டாகவே இருந்தது.

இன்னொரு கப்பல் கம்பெனியில் சேர்த்து வைத்த அந்தஸ்தைக் காட்டினால் எம்.எஸ்.சி. தன்னுடையதில் அதற்கு இணையான அந்தஸ்து கொடுக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், முன்பதிவுக்கு முன் பாருங்கள்.

யாட் கிளப் என்று ஒன்றைப் பற்றி எல்லா அமெரிக்கர்களும் பேசுகிறார்களே?

கப்பலுக்குள் ஒரு தனிக் கப்பல். 2008-ல் வந்த எம்.எஸ்.சி. ஃபன்டாசியா கப்பலில் ஆரம்பித்தது. முன்பக்கம் தனியாகக் கதவு, அட்டை இல்லாமல் நுழைய முடியாது. தனி நீச்சல் குளம், தனி ரெஸ்டாரன்ட், பானம் உள்ளடக்கம், பெட்டியைப் பிரித்து அடுக்கக்கூட ஆள். மேலே சொன்ன புகார் எதுவும், தண்ணீர் உட்பட, அங்கே கிடையாது. சத்தம் இல்லாத ஐரோப்பாவைக் காசு கொடுத்து வாங்குவது என்று என் மனைவி சொன்னாள். நாங்கள் வாங்கவில்லை.

மயாமி, நியூயார்க்கிலிருந்து போகும் எம்.எஸ்.சி.யும் இப்படித்தானா?

இல்லை, நிறைய மாற்றிவிட்டார்கள். 2013-ல் டிவினா கப்பலை மயாமிக்குக் கொண்டு வந்தபோது ஐரோப்பிய வழக்கத்தை அப்படியே கொண்டு வந்து சூடு பட்டார்கள். 2017 டிசம்பரில் சீசைடு கப்பல் வந்தபோது இன்னும் கொஞ்சம் கற்றிருந்தார்கள். 2023 ஏப்ரலிலிருந்து மெராவிலியா வருஷம் முழுக்க புரூக்ளினில். நான் போனபோது அறிவிப்பு ஆங்கிலத்தில், விலை டாலரில், சாப்பாடு ஆறு மணிக்கே கிடைத்தது. பீட்சா மட்டும் இத்தாலிய பீட்சா, நல்லவேளை. நடுவில் 80 மீட்டர் நீளத்துக்கு எல்.ஈ.டி. கூரை போட்ட கடைத்தெரு ஒன்று, ராத்திரி அதில் வானம் ஓடும், எல்லோரும் நடந்துகொண்டே இருப்பார்கள். சாப்பிட்ட பிறகு கைகோத்து ஊர்ச் சதுக்கத்தில் நடக்கும் இத்தாலியப் பழக்கத்துக்காகவே கட்டியது மாதிரி இருந்தது. அமெரிக்கர்கள் முதலிரண்டு நாள் அதை வேறெங்கோ போகும் வழியாகத்தான் பயன்படுத்தினார்கள். மூன்றாம் நாள் அவர்களும் சும்மா நடந்தார்கள்.

2025 ஏப்ரலில் மயாமியில் வேர்ல்ட் அமெரிக்கா என்ற கப்பல் வந்தது. அதற்கு இரண்டு மாதம் முன் சூப்பர் பவுல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியில் விளம்பரம் கொடுத்தார்கள்: நடிகை ட்ரூ பேரிமோர் அமெரிக்க மாதிரி "வெக்கேஷன்" என்பார், நடிகர் ஆர்லாண்டோ ப்ளூம் ஐரோப்பிய மாதிரி "ஹாலிடே" என்பார். பத்து வருஷப் புகார்களையே விளம்பரம் ஆக்கிவிட்டார்கள், சாமர்த்தியம்தான்.

எதிர்த் திசையிலும் நடந்திருக்கிறது. சீனச் சந்தைக்காகக் கட்டிய கோஸ்டா வெனிசியாவை 2023-ல் கார்னிவல் எடுத்து நியூயார்க்குக்குக் கொண்டு வந்தது. உள்ளே சான் மார்க்கோ சதுக்கம் மாதிரி நடுக்கூடம், தூண் மேல் சிறகு முளைத்த சிங்கம், எல்லாம் அப்படியே. சாப்பாட்டு நேரமும் ஐஸ் தண்ணீரும் அமெரிக்கக் கணக்கு. இத்தாலிய அலங்காரம் வேண்டும், இத்தாலியர்கள் வேண்டாம் என்கிறவர்களுக்குச் சரியான கப்பல்.

பதினேழாவது தளத்தைக் காணோம், லிப்ட் கெட்டுவிட்டதா?

இல்லை. அமெரிக்கர்களுக்கு 13 ஆகாது, இத்தாலியர்களுக்கு 17 ஆகாது. ரோமன் எண்ணில் 17-ன் எழுத்துக்களை மாற்றிப் போட்டால் லத்தீனில் "வாழ்ந்து முடித்தேன்" என்று வரும். எம்.எஸ்.சி. கப்பல்களில் 16-க்கு அப்புறம் 18. நம்ம ஊர்க்காரர் ஒருவர் எட்டைக் காணோமா என்று தேடினார், எட்டு இருக்கிறது.

புகை?

குறிப்பிட்ட இடங்களில் மட்டும், ஆனால் அமெரிக்கக் கப்பலைவிடப் புகைக்கிறவர்கள் அதிகம். கேசினோ பக்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்க வேண்டியிருக்கும்.

சைவத்துக்கு என்ன செய்வது?

மெக்சிகோ போகும் அமெரிக்கக் கப்பலைவிட இங்கே எனக்குச் சுலபமாக இருந்தது. மினெஸ்ட்ரோனே சூப், கத்தரிக்காய் பார்மிஜானா, தக்காளி பாஸ்தா, காளான் ரிசோட்டோ, எல்லாம் பட்டியலிலேயே இருக்கும். சூப்புக்கும் ரிசோட்டோவுக்கும் எந்தச் சாற்றை ஊற்றுகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள், இறைச்சிச் சாறாக இருக்கலாம். பார்மிஜானோ சீஸில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும், பாலை உறைய வைக்கும் ரென்னட் உண்டு, கண்டிப்பானவர்கள் அதையும் கவனியுங்கள்.

முதல் ராத்திரியே ஹெட் வெயிட்டரிடம் சொல்லி வைப்பதுதான் வழி. எங்களுக்குப் பரிமாறிய பையன் நாலாம் நாள் என் மனைவி குழந்தையை அதட்டியதைக் கேட்டுவிட்டு "அக்கா, நீங்க தமிழா?" என்றான். தூத்துக்குடி. அன்றையிலிருந்து பட்டியலில் இல்லாத பருப்பும் சாதமும் ஒரு மூடி போட்ட கிண்ணத்தில் வந்தது, ஓரத்தில் ஊறுகாய். ஊறுகாய் சமையலறையினுடையதா அவனுடைய சொந்தப் பாட்டிலா என்று கேட்டேன், சிரித்தான், சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வாய் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு ஒரு பாட்டில் தண்ணீர் ஆர்டர் செய்தார்.

இந்திய பாஸ்போர்ட், அமெரிக்காவில் கிரீன் கார்டு. ஐரோப்பா குரூஸுக்கு விசா வேண்டுமா?

வேண்டும். அமெரிக்கக் குடிமக்கள் 90 நாள் வரை ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் சேர்த்து ஒரே விசா) இல்லாமல் போகலாம், கிரீன் கார்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. பலமுறை நுழையும் விசாவாகக் கேளுங்கள். கப்பல் நடுவில் துனிசியாவோ துருக்கியோ போய்விட்டுத் திரும்பினால் நீங்கள் ஷெங்கனை விட்டு வெளியே போய் வந்ததாகக் கணக்கு.

ஹெச்1பி வேலை விசாவில் இருப்பவர்கள் மயாமியிலிருந்து பஹாமாஸ் போகும் மூன்று நாள் பயணம்தானே என்று சாதாரணமாக எண்ண வேண்டாம். பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரை காலாவதியாகி இருந்தால் திரும்ப உள்ளே வருவது பிரச்சினை. காலாவதியான முத்திரையோடும் திரும்பி வர விடும் சலுகை ஹெச்1பி-க்குக் கனடா, மெக்சிகோ போய் வருவதோடு சரி, கரீபியன் தீவுகள் அதில் சேராது.

ஆங்கிலம் மட்டும் பேசும் ஐரோப்பியக் கப்பல் இல்லையா?

வைக்கிங் இருக்கிறது. நார்வேக்காரர் ஒருவர் 1997-ல் ஆற்றுக் கப்பலாக ஆரம்பித்தது, கப்பலில் பேச்சு ஆங்கிலம், பயணிகளில் அமெரிக்கர்களே அதிகம், கேசினோ இல்லை, 18 வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை. விலையைக் கேட்டுவிட்டு உட்காருங்கள்.

சார்ஜர்?

ஐரோப்பிய உருண்டைப் பின் பிளக்கும் அமெரிக்கப் பட்டைப் பின் பிளக்கும் மேஜையருகே ஒவ்வொன்று இருந்தன. நம்ம ஊரிலிருந்து கொண்டு வந்த இரண்டு பின் சார்ஜர் ஐரோப்பியத் துளையில் நுழைந்துவிடும்.

கடைசியில் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொன்னார்? மறுபடி போவாரா?

இறங்கிய அன்று பார்சிலோனா டாக்சியில் "இனிமேல் ஃப்ளோரிடாதான்" என்றார். அவர் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். வழக்கமாக ஐந்தரைக்குக் கூப்பிடும் வீடு, ஏழரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். முதலில் ஆலிவ், அப்புறம் பாஸ்தா, அதற்கப்புறம் கோழி, எங்களுக்குக் கத்தரிக்காய். காப்பி கடைசியில்தான் வந்தது. சாப்பாட்டுக்கு நடுவில் அவர் போனை எடுத்து, அடுத்த செப்டம்பர் ஜெனோவாவிலிருந்து கிளம்பும் ஒரு கப்பலின் விலையை என்னிடம் காட்டி, பான பேக்கேஜில் தண்ணீர் சேர்த்தியா என்று கேட்டார்.